போன் நம்பரை பிரைமரி கீ ஆக்காதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல் தொகுப்பில் வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவர்களில் பலர், சில மாதங்கள் கழித்து டேட்டாபேஸ் பக்கம் வருகின்றனர். மைக்ரோசாப்ட் அக்சஸ் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் தொகுப்பைத் திறந்து, டிசைன் வியூவில் பீல்டுகளுக்குப் பெயர் கொடுத்து, டேபிளை சேவ் செய்கையில் ஒரு சிறிய கட்டம் எழுந்து நின்று கேட்கும்: பிரைமரி கீ எதுவும் இல்லையே, இப்போது ஒன்றை உருவாக்கவா? பலரும் இதனை ஒரு தொந்தரவாக எண்ணி ‘நோ’ கொடுத்துவிடுகின்றனர். பிறகு யாரோ சொன்னார்கள் என்று போன் நம்பர் பீல்டைத் தேர்ந்தெடுத்து, சாவி படம் உள்ள பட்டனை அழுத்தி அதனையே பிரைமரி கீ ஆக்கிவிடுகின்றனர்.

இந்த ஒரு கிளிக் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கேள்விக்கு ‘யெஸ்’ என்பதே நல்ல பதில் என்பது என் கருத்து. கம்ப்யூட்டர் தானாகக் கொடுக்கும் 1, 2, 3 என்ற வெற்று எண்தான் பிரைமரி கீக்கு ஏற்றது. பெயர், போன் நம்பர், ஆதார் எண், பில் நம்பர் போன்றவற்றை அந்த இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. இதனை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உள்ள நியாயத்தையும் பின்னால் பார்க்கலாம்.

முதலில் பிரைமரி கீ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். டேபிளில் உள்ள ஒவ்வொரு வரிசையும் ஒரு ரெக்கார்டு. இந்த ரெக்கார்டைத்தான் சொல்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகமில்லாமல் சுட்டிக் காட்டும் பீல்டுதான் பிரைமரி கீ. அதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது. காலியாகவும் இருக்கக் கூடாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. அர்த்தமில்லாத அடையாள எண்ணை கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் அவரே 1979இல் எழுதினார். ஆக, இந்த விவாதத்திற்கு வயது ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

இனி ஓர் உதாரணம். நம் வீடுகளில் உள்ள டேட்டாபேஸ்களிலேயே பழமையானது மொய் நோட்டுதான். தாத்தா காலத்து நோட்டிலிருந்து அக்கா கல்யாணத்து நோட்டு வரை பீரோவில் அடுக்கி வைத்திருப்பார்கள். இவற்றை கம்ப்யூட்டரில் ஏற்ற நினைப்பவர்கள் நிறையப் பேர். யார் நமக்கு எவ்வளவு செய்தார், நாம் திருப்பி எவ்வளவு செய்தோம் என்பது வெறும் கணக்கு இல்லை. அதில் தவறு வந்தால் உறவே முறிந்துவிடும். எனவே இதனையே எடுத்துக்கொள்வோம்.

மூன்று டேபிள்கள் போதும். ‘நபர்கள்’ டேபிளில் பெயர், தந்தை பெயர், ஊர், போன். ‘விழாக்கள்’ டேபிளில் விழாவின் பெயர், தேதி, மண்டபம். மூன்றாவதான ‘மொய்’ டேபிளில் எந்த விழா, எந்த நபர், எவ்வளவு தொகை. இந்த மூன்றாவது டேபிளில் நபரின் பெயரையும் ஊரையும் மறுபடி எழுத மாட்டோம். ‘நபர்கள்’ டேபிளின் பிரைமரி கீயை மட்டும் எழுதுவோம். இப்படி வேறொரு டேபிளுக்குப் போய் உட்காரும் பிரைமரி கீக்கு பாரின் கீ என்று பெயர். ஒருவர் நம் வீட்டில் பத்து விழாக்களுக்கு மொய் செய்திருந்தால், அவருடைய பிரைமரி கீ ‘மொய்’ டேபிளில் பத்து இடங்களில் இருக்கும். இதனை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெயரை வைத்தால் என்ன?

பெயரை மட்டும் பிரைமரி கீயாக வைக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே ஊரில் நான்கு முருகன்கள் இருப்பார்கள். மொய் எழுதுபவர்கள் இதனை எப்போதோ கண்டுபிடித்து, டீக்கடை முருகன், மாடி வீட்டு முருகன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, பெயரையும் ஊரையும் சேர்த்து வைக்கலாமே என்று தோன்றும். ‘முருகன் உசிலம்பட்டி’ என்று வைத்துக்கொள்வோம்.

நம் கண்ணுக்கு முருகன் என்பது நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஏழு குறியீடுகள். ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று தனித்தனியே எண்ணும். உசிலம்பட்டி பதினொன்று. இடைவெளி ஒன்று. மொத்தம் 19. அக்சஸ் தொகுப்பு ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 2 பைட் எடுத்துக்கொள்வதால் இது 38 பைட். யு.டி.எப்.-8 முறையில் சேமிக்கும் டேட்டாபேஸ்களில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 55 பைட் ஆகிவிடும். அக்சஸ் தரும் ஆட்டோநம்பர் எத்தனை பைட் தெரியுமா? 1 ஆனாலும் சரி, 20 கோடி ஆனாலும் சரி, 4 பைட்தான்.

34 பைட் வித்தியாசத்தில் என்ன போய்விடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இன்று பெரிய விஷயம் இல்லை. பிரச்சினை இன்டெக்ஸில்தான் வருகிறது.

புத்தகத்தின் கடைசியில் சொற்களை அகர வரிசைப்படி அடுக்கிப் பக்க எண் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல, பிரைமரி கீயாக நீங்கள் அறிவித்த பீல்டுக்கு டேட்டாபேஸ் ஒரு பட்டியலைத் தானாகவே தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதுதான் இன்டெக்ஸ். இந்தப் பட்டியல் பக்கம் பக்கமாகச் சேமிக்கப்படுகிறது. அக்சஸில் ஒரு பக்கம் 4,096 பைட். பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால், எந்த மதிப்பு எந்தப் பக்கத்தில் உள்ளது என்று சொல்ல மேலே ஒரு பக்கம். அதுவும் அடங்காவிட்டால் அதற்கும் மேலே ஒரு பக்கம் என்று மரம் போல அடுக்கு அடுக்காக வளரும். ஒரு ரெக்கார்டைத் தேடும்போது டேட்டாபேஸ் உச்சியில் தொடங்கி, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பக்கத்தைப் படித்துக் கீழே இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கீயுடனும் அது இருக்கும் இடத்தைக் குறிக்க 8 பைட் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண் கீ என்றால் 4 + 8 = 12 பைட்; ஒரு பக்கத்தில் 341 அடங்கும். முருகன் உசிலம்பட்டி என்றால் 38 + 8 = 46 பைட்; ஒரு பக்கத்தில் 89 மட்டுமே அடங்கும். மொய் எழுதுவதையே தொழிலாகச் செய்பவர் ஒருவர் பல ஊர்களின் கணக்கையும் சேர்த்து 10 லட்சம் ரெக்கார்டுகள் வைத்திருக்கிறார் என்றால், எண் கீயில் மூன்று அடுக்கு தாராளமாகப் போதும். மூன்று அடுக்கில் 3 கோடியே 96 லட்சம் வரை அடங்கும். பெயர் கீயில் மூன்று அடுக்கில் 7 லட்சத்து ஐயாயிரத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் அடங்கும் என்பதால் நான்காவது அடுக்கு தேவைப்படுகிறது. பட்டியலின் மொத்த அளவும் 1 கோடியே 20 லட்சம் பைட்டுக்குப் பதில் 4 கோடியே 60 லட்சம் பைட். நிஜத்தில் சில பைட் கூடும், சில சுருக்கப்படும். ஆனால் விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது புரிந்திருக்கும்.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டு மொய் நோட்டில் இரண்டாயிரம் பெயர்கள் இருந்தால், இந்த வித்தியாசத்தை உங்களால் உணரவே முடியாது. இன்றைய கம்ப்யூட்டரின் மெமரியில் முழு டேட்டாபேஸும் அடங்கிவிடும். பிரைமரி கீயை மாற்றினால் வீட்டு டேட்டாபேஸ் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேகம் எங்கே தெரியும்? அக்சஸ் பைலை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, வை-பை மூலம் இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அக்சஸ் இன்டெக்ஸ் பக்கங்களை அந்த வை-பை வழியாகவே இழுத்து வந்து படிக்கிறது. அப்போது ஒவ்வொரு பக்கத்திற்கும் விலை உண்டு. கடையில் பில் போடும் கவுன்டரில் ஆள் நின்றுகொண்டிருக்கும்போது இது நன்றாகவே தெரியும்.

ஒரே எழுத்து, இரண்டு உருவம்

தமிழில் டேட்டா அடிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உள்ளது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட டேட்டாபேஸ் புத்தகங்களில் இதனைப் பார்க்க முடியாது.

இரண்டு எண்கள் சமமா என்று பார்ப்பது பிராசசருக்கு ஒரு நொடி வேலை கூட இல்லை. ஒரே கட்டளையில் முடிந்துவிடும். டெக்ஸ்ட் அப்படி இல்லை. எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். எந்த மொழியின் வரிசைப்படி ஒப்பிடுவது என்ற விதிகளையும் பார்க்க வேண்டும். இது நேரம் எடுக்கும் வேலை என்பதோடு, தமிழில் ஏமாறும் வேலையும் கூட. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக அமைக்கலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்ற எழுத்தை வைத்துத் தொடங்குவது ஒன்று. பழைய வழக்கப்படி ‘ஸ’ வைத்துத் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீங்கள் ஒரு கீபோர்டு சாப்ட்வேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அடித்து, உங்கள் தம்பி இன்னொரு சாப்ட்வேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அடித்தால், கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஊர்கள். ஔவை என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுபவர்கள் இன்றும் ஏராளம். ‘கோ’ என்பதைக்கூட ஒரே ஓகாரக் குறியாலும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக வருமாறும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது, ஆனால் எஸ்.க்யூ.லைட் போன்ற டேட்டாபேஸ்கள் சாதாரணமாக பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். அவற்றின் பார்வையில் கோபால் இரண்டு பேர்.

பெயர் சாதாரண பீல்டாக இருந்தால் இது ஒரு எழுத்துப் பிழை; திருத்திவிட்டுப் போகலாம். அதுவே பிரைமரி கீயாக இருந்தால், ஒருவர் செய்த மொய் இரண்டு ஆட்களுக்குப் பிரிந்து கிடக்கும். அவர் வீட்டு விசேஷத்திற்குக் கிளம்பும் நாளில் தேடினால் பாதித் தொகைதான் திரையில் வரும்.

போன் நம்பர் தனித்துவமானது இல்லையா?

இல்லை என்பதுதான் பதில். முதலில் டேட்டா டைப் சிக்கலைப் பார்த்துவிடுவோம். எண்தானே என்று நம்பர் டைப் கொடுப்பீர்கள். அக்சஸில் நம்பர் என்றால் வழக்கமாக அமையும் லாங் இன்டிஜரில் அதிகபட்சம் 2,147,483,647 வரைதான் எழுத முடியும். நம் மொபைல் எண்கள் பத்து இலக்கமாக 6, 7, 8, 9 என்று தொடங்குகின்றன. எதுவும் உள்ளே போகாது. டபுள் என்று மாற்றினால் போகும். ஆனால் 044 என்று தொடங்கும் சென்னை லேண்ட்லைன் எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போகும். போன் நம்பரைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எனவே அதற்கு ஷார்ட் டெக்ஸ்ட்தான் சரியான டைப். டெக்ஸ்டாக வைத்தால் ஒருவர் முன்னால் 91 சேர்ப்பார், ஒருவர் பூஜ்யம் சேர்ப்பார், ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார். ஒரே எண் மூன்று கீ ஆகிவிடும்.

இதைவிட முக்கியமானது, எண் ஆளோடு இருப்பதில்லை. துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணை 90 நாட்கள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குப் பிறகு அந்த எண் முன்பின் தெரியாத ஒருவரிடம் போகலாம். பல வீடுகளில் அப்பா, அம்மா, மகன் மூவருக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுப்பார்கள். கிராமத்துப் பெரியவர் பலருக்கு எண்ணே இருக்காது. பிரைமரி கீயைக் காலியாக விட முடியாது என்பதால், டைப் செய்பவர் 9999999999 என்று எதையாவது போட்டு வைப்பார். இரண்டாவது பெரியவர் வந்ததும் அதில் ஒரு 8 போடுவார். இப்படி வளர்ந்த ஒரு மொய் டேட்டாபேஸை நான் பார்த்திருக்கிறேன். அதில் 1111111111இல் தொடங்கி வரிசையாகப் பொய் எண்கள். கிட்டத்தட்ட ஓர் ஆட்டோநம்பரையே அவர்கள் கையால் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எண் மாறினால் கீயையும் மாற்றலாமே, அக்சஸில் கேஸ்கேட் அப்டேட் வசதி உள்ளதே என்பார்கள். உள்ளதுதான். ஆனால் ‘நபர்கள்’ டேபிளில் ஒன்றை மாற்றினால், ‘மொய்’ டேபிளில் அவருடைய எல்லா ரெக்கார்டுகளும், அவற்றின் இன்டெக்ஸ்களும் மாற வேண்டும். ஒரு பெரியவர் சிம் மாற்றியதற்கு இவ்வளவு வேலை எதற்கு?

அர்த்தமுள்ள எண்கள் எல்லாமே ஒரு நாள் மாறத்தான் செய்கின்றன. 2010 டிசம்பர் 20 முதல் இந்திய ரயில்வே தன் பயணிகள் ரயில் எண்களை நான்கு இலக்கத்திலிருந்து ஐந்து இலக்கமாக்கியது. மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் 2637ஆக இருந்தது 12637 ஆனது. புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண் 2007 ஜனவரி 1 முதல் பத்து இலக்கத்திலிருந்து பதிமூன்று இலக்கமானது. வீட்டு நூலகத்திற்கு டேட்டாபேஸ் அமைத்து ஐ.எஸ்.பி.என். எண்ணை பிரைமரி கீ ஆக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பத்து இலக்க எண்ணின் கடைசியில் சில சமயம் எக்ஸ் என்ற எழுத்து வரும், நம்மிடம் உள்ள பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது.

ஆதாரைப் பற்றியும் கேட்பீர்கள். ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களில் உங்கள் ஊர், வயது, சாதி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அர்த்தம் இல்லாமல் அமைக்க வேண்டும் என்று திட்டமிட்டே அப்படி அமைத்தார்கள். நான் சொல்லும் கொள்கையும் அதுதான். ஆனால் அது அவர்கள் டேட்டாபேஸின் கீ. அடுத்தவரின் ஆதார் எண்ணை உங்கள் லேப்டாப்பில் ஒவ்வொரு டேபிளிலும் பிரதி எடுத்து வைப்பது தேவையில்லாத ஆபத்து. மொய் எழுத ஆதார் கேட்டால் வந்தவர் கவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கம்: ஜி.யு.ஐ.டி.

கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்த நண்பர்கள் வேறொரு யோசனை சொல்வார்கள். ஜி.யு.ஐ.டி. அல்லது யு.யு.ஐ.டி. என்ற எண்ணைப் பயன்படுத்தச் சொல்வார்கள். இது 16 பைட் நீளமுள்ள எண். பெரும்பாலும் குருட்டாம்போக்கில் உருவாக்கப்படுவது. உலகில் இன்னொரு முறை அதே எண் வருவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்று கொள்ளலாம். அக்சஸில் ஆட்டோநம்பர் பீல்டின் அளவை ரெப்ளிகேஷன் ஐ.டி. என்று மாற்றினால் கிடைப்பது இதுதான்.

இதற்கு நல்ல காரணம் உண்டு. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று இரண்டு மேசைகள்; இரண்டு லேப்டாப்கள்; இரண்டுக்கும் தொடர்பு இல்லை. இரண்டிலும் ஆட்டோநம்பர் 1இல் தொடங்கும். இரவு இரண்டையும் ஒரே டேபிளில் சேர்க்க நினைத்தால் மோதல்தான். ஜி.யு.ஐ.டி. வைத்திருந்தால் மோதாது. இந்த ஒரு சூழ்நிலைக்கு அது சரியான மருந்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மேசைதான் என்றால் இதைவிட எளிய வழி உள்ளது. ஒரு லேப்டாப்பில் எண்கள் 1இல் தொடங்கட்டும். மற்றொன்றில் 1,00,001இல் தொடங்கட்டும். ஒரு கல்யாணத்திற்கு ஒரு மேசையில் லட்சம் பேர் வரப் போவதில்லை.

ஜி.யு.ஐ.டி.யின் பக்கவிளைவைப் புரிந்துகொள்ள மறுபடி மொய் நோட்டுக்கே வாருங்கள். மொய் எழுதுபவர் வருகிறவர்களை வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவார். பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கம். அவரிடம், அகர வரிசை குலையாமல் எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொருவர் வரும்போதும் நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைத் தேட வேண்டும்; அங்கே இடம் இல்லாவிட்டால் புதுத் தாளைச் செருகி, பாதிப் பெயர்களை அதற்கு மாற்றி எழுத வேண்டும். வரிசை மண்டப வாசல் வரை நிற்கும். ஆட்டோநம்பர் கீயில் புதிய ரெக்கார்டு எப்போதும் இன்டெக்ஸின் கடைசிப் பக்கத்தில் போய்ச் சேருகிறது. குருட்டாம்போக்கு கீயில் டேட்டாபேஸ் அந்தப் பாவப்பட்ட கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்கிறது. பக்கங்கள் பிளந்து பிளந்து பாதி நிரம்பியவையாகக் கிடக்கும், பைல் வீங்கும்.

மை எஸ்.க்யூ.எல். பழகப் போகும் மாணவர்கள் இதனை இன்னும் கவனிக்க வேண்டும். அதன் இன்னோ டி.பி. அமைப்பில் ரெக்கார்டுகளே பிரைமரி கீ வரிசையில்தான் அடுக்கப்படுகின்றன. போதாததற்கு, ஊர், தேதி என்று நீங்கள் அமைக்கும் மற்ற ஒவ்வோர் இன்டெக்ஸிலும் பிரைமரி கீயின் ஒரு பிரதி ஒட்டிக்கொள்கிறது. ஜி.யு.ஐ.டி.யை 16 பைட் எண்ணாக வைக்காமல் 36 எழுத்து டெக்ஸ்டாக வைத்தால் (பலரும் இப்படித்தான் வைக்கிறார்கள்), அந்த 36ம் எல்லா இன்டெக்ஸிலும் ஏறிக்கொள்ளும். இந்தக் குறையைப் போக்க, நேரத்தை முன்னால் வைத்துத் தொடங்கும் யு.யு.ஐ.டி. 7ஆம் பதிப்பு 2024 மே மாதம் இணையத் தர நிர்ணயமாக வெளிவந்தது. பின்னால் வருவது பெரிய எண்ணாக இருப்பதால் கடைசிப் பக்கத்திலேயே சேரும். 2025இல் வந்த போஸ்ட்கிரே எஸ்.க்யூ.எல். 18ஆம் பதிப்பில் இதனை உருவாக்கும் வசதி உள்ளேயே உள்ளது. பல கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கு நல்ல செய்தி. உங்கள் வீட்டிற்குத் தேவையில்லை.

எண் தீர்ந்துவிடாதா?

தீர்ந்த கதைகள் உண்டு. 2009 ஜூன் மாதம் ட்விட்டர் செய்திகளின் வரிசை எண் 2,147,483,647ஐத் தாண்டியபோது, அந்த எண்ணை 4 பைட்டில் வாங்கிப் பழகிய வெளியார் சாப்ட்வேர்கள் சில தடுமாறின. 2018 நவம்பர் 8 அன்று பேஸ்கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவையில் ஒரு டேபிளின் எண்கள் இதே எல்லையைத் தொட்டுவிட, சுமார் ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்களால் பழையதைப் படிக்க மட்டுமே முடிந்தது, புதிதாக எதையும் எழுத முடியவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் 8 பைட் எண் வேண்டும். நீங்கள் ஒரு நாளைக்கு ஆயிரம் ரெக்கார்டு என்று விடாமல் அடித்தாலும் 4 பைட் எண் தீர 5,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அக்சஸில் வெறும் ‘இன்டிஜர்’ என்று ஒரு அளவு உள்ளது. அதன் எல்லை 32,767. அதில் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எதிர்த்தரப்பின் வாதத்திற்கு வருகிறேன். ஆட்டோநம்பர் வைத்தால் ஒரே ஆளை இரண்டு முறை ஏற்றினாலும் கம்ப்யூட்டர் தடுக்காது. 45ஆம் எண்ணிலும் ஒரு முருகன், 312ஆம் எண்ணிலும் அதே முருகன் என்று ஆகிவிடும் என்கிறார்கள். முழுக்க உண்மை. ஆட்டோநம்பர் ரெக்கார்டுகளைப் பிரித்துக் காட்டும். ஆட்களைப் பிரித்துக் காட்டாது. அதற்கு வேறு வழி தேட வேண்டும். பெயர், தந்தை பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துத் தனியாக ஓர் இன்டெக்ஸ் அமைத்து, அதில் ‘யுனிக்’ என்பதற்கு ‘யெஸ்’ கொடுத்திடலாம். நான் அப்படிக் கொடுக்க மாட்டேன். ஒரே ஊரில் தந்தை பெயர் உட்பட எல்லாம் ஒத்துப்போகும் இருவர் நிஜமாகவே இருக்கிறார்கள். இரண்டாமவர் கவரோடு நிற்கும்போது கம்ப்யூட்டர் அவரை ஏற்க மாட்டேன் என்று சொல்வது அவமானம். எனவே சாதாரண இன்டெக்ஸ் போதும். புதிய பெயர் அடிக்கும் முன் ஊரை வைத்து ஒரு முறை தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தவறி இரண்டு முறை ஏறிவிட்டாலும், ‘மொய்’ டேபிளில் 312 என்று உள்ளதையெல்லாம் 45 என்று மாற்றினால் முடிந்தது.

ஆட்டோநம்பர் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு கவலை வருவதுண்டு. 57க்கு அடுத்து 59 வந்துவிட்டதே, 58 எங்கே? பாதி அடித்துவிட்டு எஸ்கேப் அழுத்தினாலோ, ரெக்கார்டை அழித்தாலோ அந்த எண் போய்விடும், திரும்ப வராது. வரவும் வேண்டாம். அந்த இடைவெளிகளை நிரப்ப முயல்பவர்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள். ரசீது எண் இடைவெளி இல்லாமல் வர வேண்டும் என்றால், அதற்குத் தனி பீல்டு வைத்திடவும். பிரைமரி கீயை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இந்த முறை எவ்வளவு பரவலானது என்பதற்கு உங்கள் சட்டைப் பையிலேயே சாட்சி உள்ளது. ஆண்ட்ராய்ட் போனிலும் ஐபோனிலும், பயர்பாக்ஸ், குரோம் பிரவுசர்களிலும் உள்ளே இருப்பது எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸ். அது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கேட்காமலேயே ஓர் எண் கொடுத்துவிடும். அந்த எண்ணை வைத்துத் தேடுவது மற்ற கீகளை வைத்துத் தேடுவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் என்று அதன் கையேடே சொல்கிறது. டெக்ஸ்ட் கீ வைத்தால் முதலில் அந்த டெக்ஸ்டின் இன்டெக்ஸில் தேடி எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்ணை வைத்து இன்னொரு முறை தேட வேண்டியிருப்பதே காரணம். இதில் ஒரு வேடிக்கை: டேட்டா டைப்பை ‘இன்டிஜர்’ என்று முழுதாக எழுதினால்தான் உங்கள் கீயும் அந்த உள் எண்ணும் ஒன்றாகும். ‘இன்ட்’ என்று சுருக்கி எழுதினால் தனி இன்டெக்ஸ் போட்டுவிடும்.

ஏற்கெனவே போன் நம்பரை பிரைமரி கீயாக வைத்து அக்சஸில் டேட்டா ஏற்றிவிட்டவர்கள் மாற்றிக்கொள்ளலாம். முதலில் பைலை ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைத்திடவும். டேட்டா உள்ள பீல்டை ஆட்டோநம்பராக மாற்ற அக்சஸ் அனுமதிக்காது. ஆனால் ‘நபர்கள்’ டேபிளில் புதிதாக ஓர் ஆட்டோநம்பர் பீல்டைச் சேர்த்தால், இருக்கும் ரெக்கார்டுகளுக்கு எல்லாம் தானே எண் போட்டுவிடும். ‘மொய்’ டேபிளில் நம்பர் டைப்பில், லாங் இன்டிஜர் அளவில் ஒரு பீல்டு சேர்த்திடவும். ஆட்டோநம்பருடன் இணைய இந்த அளவுதான் பொருந்தும். பழைய போன் நம்பரை வைத்து இரண்டு டேபிள்களையும் இணைத்து, ஓர் அப்டேட் குவெரி மூலம் புதிய எண்களை ‘மொய்’ டேபிளில் நிரப்பவும். எதுவும் காலியாக விடுபடவில்லை என்று பார்த்த பிறகு, பழைய ரிலேஷன்ஷிப்பை நீக்கி, சாவியைப் புதிய பீல்டுக்கு மாற்றி, புதிய ரிலேஷன்ஷிப் அமைக்கவும். ‘மொய்’ டேபிளில் உள்ள போன் நம்பர் பீல்டை அதன் பிறகே அழிக்க வேண்டும். கடைசியாக கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் கொடுத்தால், ரெக்கார்டுகள் புதிய பிரைமரி கீ வரிசையில் அடுக்கப்பட்டு பைலும் சற்று இளைத்துவிடும். ‘நபர்கள்’ டேபிளில் போன் நம்பர் அப்படியே இருக்கட்டும். விசேஷத்திற்கு அழைக்க அது வேண்டும்.